கையாளாகவே நின்றுவிடாமல்: முப்பது வயதுக்கு மேல் கட்டட வேலை பழக வருகிறவர்களுக்கு

பல்லடம், சோமனூர் பக்கம் தறி ஓட்டியவர்கள், திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங் பார்த்தவர்கள், கோபி, சத்தி பக்கம் தோட்டக் கூலிக்குப் போனவர்கள், ஏதோ ஒரு வழக்கில் உள்ளே இருந்துவிட்டு வந்தவர்கள், குடியை விட்டு நிமிர்கிறவர்கள், வீட்டுக்காரர் இல்லாமல் தனியாகக் குடும்பத்தைத் தூக்கும் அக்காக்கள் என்று பலரும் கேட்கிறார்கள்: “இந்த வயசுல கட்டட வேலைக்குப் போனா ஆகுங்களா?”

ஆகும். சேர்வதில் கஷ்டமே இல்லை. நாளைக் காலை தூக்குப்போசியோடு ஆட்கள் கூடும் இடத்தில் நின்றால் யாராவது ஒரு மேஸ்திரி வண்டியில் ஏற்றிக்கொள்வார். கல் சுமப்பீர்கள், சாந்து கலப்பீர்கள், சனிக்கிழமை சம்பளம் வாங்குவீர்கள். சிக்கல் அதற்கப்புறம்தான். பத்து வருஷம் கழித்தும் அதே சாந்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டிருக்கிற ஆட்கள் ஒவ்வொரு சைட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறிவோ பலமோ குறைவு என்று நான் நினைக்கவில்லை. கையில் யாரும் கொத்துக் கரண்டியைக் கொடுக்கவில்லை, அவர்களும் கேட்டு வாங்கவில்லை, அவ்வளவுதான். கையாளாகச் சேருகிறவர் ஒன்று, ஒன்றரை வருஷத்தில் தொழில்காரராக மாற என்ன தயாரிப்பு வேண்டும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில்: எந்த வேலை?

“கட்டட வேலை” என்று ஒரே வேலை கிடையாது. கொத்து வேலை, கம்பி கட்டுவது, சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றப் பலகை அடிப்பது), எலக்ட்ரிக்கல், பிளம்பிங், டைல்ஸ், பெயிண்டிங், வெல்டிங், தச்சு என்று பிரிந்து கிடக்கிறது. சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பதற்காகவே அவர் செய்யும் வேலைக்குப் போய்விடுவதுதான் வழக்கம். அது தப்பில்லை, ஆனால் உங்கள் கை ஏற்கெனவே எதைப் பழகியிருக்கிறது என்றும் ஒருமுறை பாருங்கள்.

தறியில் பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு ஸ்பேனர் பிடித்த கை இருக்கிறது. பிளம்பிங், வெல்டிங் சீக்கிரம் வரும். தோட்டத்தில் மோட்டார் கழற்றி மாட்டியவர், சொட்டுநீர்ப் பைப் போட்டவர் பாதி பிளம்பர்தான். பனியன் கம்பெனியில் கட்டிங் பார்த்தவருக்கு அளவில் பிசகு தாங்காது, டைல்ஸ் வேலைக்கு அந்தக் குணம்தான் முதல். முதுகு ஏற்கெனவே போயிருந்தால் கொத்து வேலையும் டைல்ஸும் வேண்டாம், இரண்டும் குனிந்தே கிடக்க வேண்டிய வேலை. உயரம் என்றால் தலை சுற்றுகிறவர் வெளிப்பூச்சுக்கும் பெயிண்டிங்குக்கும் போகாதீர்கள். இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

வடநாட்டு ஆட்கள் வந்ததால் உள்ளூர்க்காரருக்கு வேலையில்லை என்று டீக்கடையில் பேசுவார்கள். பாதி உண்மை. ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துக்காரர்கள் பிளம்பிங் வேலைக்கு இந்தியா முழுக்கப் பேர்போனவர்கள். ஊரே அந்தத் தொழிலைப் பழகி வைத்திருக்கிறது. அவர்களோடு வேலை செய்ய வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். நாலு ஹிந்தி வார்த்தையும் சேர்ந்து வரும்.

உடம்பை ஒருமுறை காட்டிவிடுங்கள்

தறிக்குடோனில் வருஷக்கணக்கில் நின்றவர்களுக்குக் காது மந்தமாகிவிடுவது சகஜம். தறிக்குள் அது பெரிதாகத் தெரியாது, அங்கே எல்லோரும் சைகையிலும் கத்தியும்தான் பேசுகிறார்கள். கட்டடத்தில் அப்படியில்லை. மேலிருந்து கல் நழுவினால் “ஏய், ஒதுங்கு!” என்ற ஒரு சத்தம்தான் உங்களைக் காப்பாற்றும். அதனால் சேருவதற்கு முன்னால் அரசு ஆஸ்பத்திரி காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள். காது மந்தம் என்றால் அதை மேஸ்திரியிடம் மறைக்காதீர்கள், எந்தக் காது என்றும் சொல்லி வையுங்கள்.

நாற்பதை நெருங்குகிறவர்கள் கண்ணையும் காட்டுங்கள். டேப்பில் கோடு மங்கலாகத் தெரிகிறது என்று சொல்ல வெட்கப்பட்டு, குத்துமதிப்பாக அளவு சொல்லி, ஜன்னல் சட்டம் பொருந்தாமல் போய், “இவனுக்கு ஒண்ணும் தெரியாது” என்று பேர் வாங்கியவர்கள் உண்டு. ஒரு கண்ணாடியில் தீருகிற விஷயம்.

நிழலில் வேலை பார்த்தவர்களுக்கு வெயில் பழக வேண்டும். ஒரு வாரம் காலையும் மாலையும் வெயிலில் ஏதாவது வேலை செய்து பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். சிமெண்ட் மூட்டை 50 கிலோ. இடுப்பை வளைத்துத் தூக்காமல், உட்கார்ந்து தொடையின் பலத்தில் எழுந்திருக்கப் பழகுங்கள். தனியாகத் தூக்கிக் காட்டினால்தான் ஆம்பளை என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு இன்னொரு ஆளைக் கூப்பிடுங்கள்.

காகிதங்கள்

சலிப்பான வேலைதான், ஆனாலும் வேலைக்குப் போகத் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அப்புறம் ஒரு நாள் கூலியை விட்டால்தான் தாலுக்கா ஆபீஸ் பக்கம் போக முடியும். ஆதாரில் இப்போது கையில் இருக்கும் போன் நம்பர் இணைந்திருக்க வேண்டும். பேங்க் கணக்கு உங்கள் பேரிலேயே இருக்க வேண்டும். ரேஷன் கார்டில் பேர், சாதிச் சான்று, பிறந்த தேதிக்கு ஒரு ஆதாரம் வேண்டும். ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் பேர் எழுத்து மாறியிருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள்.

மில்லிலோ கம்பெனியிலோ இருந்து வருகிறவர்கள் உங்கள் பிஎஃப் கணக்கு எண்ணைக் குறித்து வையுங்கள். அவசரப்பட்டு அந்தப் பணத்தை எடுக்காதீர்கள். வேலையை விட்டால் ஈஎஸ்ஐ சலுகையும் கொஞ்ச காலத்தில் நின்றுபோகும். அதற்கு ஈடாக முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு அது உண்டு. பேங்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடித்துக்கொண்டு 2 லட்சம் ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு தருகிற பிரதமர் திட்டத்திலும் கையெழுத்துப் போடுங்கள். இருபது ரூபாய்க்கு அதைவிட நல்ல செலவு கட்டடத் தொழிலாளிக்கு இல்லை.

அடுத்தது நல வாரியம். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. கட்டடம் கட்டுகிறவர்களிடம் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் வரியாக வாங்கி, அந்தப் பணத்தில்தான் உதவிகள் வழங்கப்படுகின்றன. ஆகவே அது யாரோ போடும் பிச்சை இல்லை. 18 வயது முதல் 60 வயது வரை பதியலாம். பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், பிரசவம், விபத்து, 60க்குப் பிறகு ஓய்வூதியம் என்று பல உதவிகள் உண்டு. இ-சேவை மையத்திலோ வாரியத்தின் இணையதளத்திலோ பதியலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை, “கார்டு போட்டுத் தர்றேன், மூவாயிரம் குடு” என்கிறவரிடம் போகாதீர்கள். கட்டட வேலை செய்கிறவர் என்பதற்குச் சான்று கேட்பார்கள் என்பதால் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, இடம், வீட்டுக்காரர் பெயர், மேஸ்திரி, என்ன வேலை, எவ்வளவு கூலி, வாங்கியதா பாக்கியா. பின்னால் கூலித் தகராறு வந்தாலும் இந்த நோட்டுதான் பேசும்.

டேப்பும் கணக்கும்

ஒருவரைக் கையாளாகவே நிறுத்தி வைப்பதில் பலத்தைவிடக் கணக்குக்குத்தான் பெரிய பங்கு. பள்ளிக்கூடத்தை ஐந்தாவதோடு விட்டவர் டேப்பைக் கண்டால் பின்வாங்குவார். அளவு எடுக்கிற வேலை வேறு ஒருவருக்குப் போகும், அந்த ஒருவர் ஆறு மாதத்தில் கொத்தனாராகிவிடுவார். அதனால் சைட்டுக்குப் போகும் முன்பு இரண்டு வாரம் வீட்டில் டேப்போடு உட்காருங்கள். 16 அடி டேப் போதும்.

ஒரு அடிக்கு 12 இன்ச். ஒரு இன்ச்சுக்கு 8 நூல். “மூணு அடி நாலு இன்ச்சு ரெண்டு நூல்” என்று மேலிருந்து ஒருவர் சொன்னால், கீழே இருப்பவர் டேப்பில் அதைக் கண்ணை மூடித் திறப்பதற்குள் பிடிக்க வேண்டும். வீட்டில் கதவு, கட்டில், அடுப்புமேடை என்று கண்ணில் பட்டதையெல்லாம் அளந்து எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் சந்தோஷம்.

இப்போது எல்லோரும் இடறும் இடத்துக்கு வருகிறேன். 3 அடி 6 இன்ச்சைச் செல்போன் கால்குலேட்டரில் 3.6 என்று அடிப்பார்கள். தப்பு. 6 இன்ச் என்பது அரை அடி, அதனால் 3.5. அதேபோல 3 அடி 4 இன்ச் என்பது 3.33. இன்ச்சை 12-ஆல் வகுத்துத்தான் புள்ளிக்குப் பின்னால் போட வேண்டும். 3.6 அடி என்று போட்டால் ஒரு இன்ச்சுக்கு மேல் கூடிவிடுகிறது. ஒரு சுவரில் அது பெரிதில்லை, வரிசையாகப் பத்து ஜன்னல் என்றால் கிரில்காரர் உங்களைத் தேடி வருவார். இந்த ஒரு கணக்கு மண்டையில் ஏறும் வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

அப்புறம் பரப்பளவு. நீளத்தை அகலத்தால் பெருக்கினால் சதுர அடி, 100 சதுர அடி ஒரு சதுரம். மணல் 100 கன அடி ஒரு யூனிட். பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் 120 சதுர அடி. இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் ஒன்று 4 சதுர அடி, அப்போது 30 டைல்ஸ். வெட்டுக்கும் உடைசலுக்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 33. பெட்டிக்கு நான்கு டைல்ஸ் என்றால் 9 பெட்டி வாங்க வேண்டும். இதை வாயாலேயே போட்டுச் சொல்கிற ஆளைக் கடைக்கு அனுப்ப மேஸ்திரி தயங்கமாட்டார்.

கம்பி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சூத்திரம்: கம்பியின் மில்லிமீட்டரை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மில்லி என்றால் 144-ஐ 162-ஆல் வகுக்க, கிட்டத்தட்ட 0.89 கிலோ. முழுக் கம்பி 12 மீட்டர், ஆகவே ஒரு கம்பி பத்தே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

மூலை சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி குறித்துக் குறுக்கே பிடித்தால் 5 அடி வர வேண்டும். பெரிய அறை என்றால் 6, 8, 10. நூற்றாண்டுகளாக இதை வைத்துத்தான் வீடு கட்டியிருக்கிறார்கள். படிக்காத பெரிய மேஸ்திரிகள் இதைக் கயிற்றில் முடிச்சுப் போட்டே செய்வார்கள்.

வீட்டுப் பின்னால் ஒரு குட்டிச்சுவர்

கொத்து வேலைக்குப் போகிறவர்கள் இதைச் செய்துவிட்டுப் போனால் மூன்று மாதம் மிச்சம். பழைய செங்கல் நூறு, தேவையான அளவு செம்மண், ஒரு கரண்டி, தூக்குக்குண்டு, ரசமட்டம், நூல், மணியாசுக் கட்டை (பூச்சைத் தேய்த்துச் சமன் செய்யும் கட்டை) ஆகியவற்றைத் தேடிப் பிடியுங்கள். புதிதாக வாங்க வேண்டாம், ஓய்ந்துபோன கொத்தனார் வீட்டில் பழையது கிடக்கும். கேட்டால் கொடுப்பார், கூடவே இரண்டு நாள் வந்து உட்கார்ந்து திட்டவும் செய்வார். அந்தத் திட்டு இலவசப் பயிற்சி.

சிமெண்ட் வேண்டாம். மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, கட்டிப் பார்த்து, மறுநாள் கழற்றி, கல்லைக் கழுவித் திரும்பக் கட்டலாம். நாலடி நீளத்துக்கு நூல் கட்டுங்கள். செங்கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து எடுங்கள், இல்லாவிட்டால் அது சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். சாந்தைப் பரப்பி, கல்லை வைத்து, கரண்டிப் பிடியால் இரண்டு தட்டு. பிதுங்கும் சாந்தை வழித்து அடுத்த மூட்டில் போடுங்கள். மூட்டுக் கனம் மூன்று நூலுக்கு மேல் போகக் கூடாது. மேல் வரிக் கல்லின் மூட்டு, கீழ் வரிக் கல்லின் நடுவில் வர வேண்டும்; ஒரு மூட்டுக்கு நேர் மேலே இன்னொரு மூட்டு வந்தால் சுவர் அந்த இடத்தில்தான் விரியும். ஓரத்தில் அரைக்கல், முக்கால் கல் வைக்க ஒரே அடியில் உடைக்கப் பழகுங்கள். முதல் நாள் பாதிக் கல் தூளாகப் போகும், பரவாயில்லை. நாலு வரிக்கு ஒருமுறை தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். நூலுக்கும் கல்லுக்கும் இடையே மேலேயும் கீழேயும் ஒரே இடைவெளி இருந்தால் சரி.

நிஜச் சுவரில் சாந்துக்குச் சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஐந்தோ ஆறோ கலப்பார்கள், பூச்சுக்கு எம்-சாண்டை (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) விட்டுவிட்டு அதைவிட நைஸான பி-சாண்ட் எடுப்பார்கள். ஒரு மூட்டை சிமெண்ட் ஒன்றேகால் கன அடி, அதற்கு ஐந்து பங்கு என்றால் ஆறேகால் கன அடி மணல். சட்டிக் கணக்கில் எத்தனை என்று முதல் நாளே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். ஹாலோ பிளாக், ஏஏசி கல் (எடை குறைந்த கான்கிரீட் கல்) என்று இப்போது பல கல் வருகின்றன. செங்கல் மாதிரி அவற்றைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, மேலாக நனைத்தால் போதும்.

பயிற்சி எங்கே கிடைக்கும்

கோவை, திருப்பூர், ஈரோடு, தாராபுரம், கோபி என்று நம் பக்கம் அரசு ஐடிஐக்கள் இருக்கின்றன. ஆண்களுக்கு 40 வயது வரை சேர்க்கை உண்டு, பெண்களுக்கு மேல் வயது வரம்பே இல்லை. இது பலருக்குத் தெரியாது. ஒயர்மேன், வெல்டர் பிரிவுகளுக்கு எட்டாவது போதும். எட்டாவதும் இல்லையா? தனித்தேர்வராக எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம், அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. அதில் குடும்பம் ஓடாது என்பது எனக்கும் தெரியும். வீட்டில் இன்னொருவர் சம்பாதிக்கிறார் என்றால் மட்டும் இந்த வழி.

வருஷக்கணக்கில் உட்கார முடியாதவர்களுக்குக் கனரா வங்கி ஈரோட்டிலும் திருப்பூரிலும் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. பயிற்சியும் சாப்பாடும் இலவசம், சில வாரத்தில் முடிந்துவிடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் அவர்களுக்கான அரசுக் கழகமான தாட்கோவின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். வாரியத்தில் பதிந்தவர்களுக்குச் சென்னைக்குத் தெற்கே தையூரிலுள்ள கட்டுமானக் கழகத்தில் பயிற்சி அறிவிப்பார்கள்.

முறையான அப்ரண்டிஸ் என்பது வேறு. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தம் போட்டு, மாத உதவித்தொகையோடு பழகுவது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ் வைத்தே ஆக வேண்டும். 2019ஆம் ஆண்டு விதித் திருத்தத்தில் ஐந்தாவது முதல் ஒன்பதாவது வரை படித்தவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 5,000 ரூபாய், பத்தாவதுக்கு 6,000 ரூபாய் என்று வைத்தார்கள். கையாள் கூலியைவிடக் குறைவுதான். ஆனால் முடிவில் நாடு முழுக்கச் செல்லும் சான்றிதழ் கிடைக்கும். சட்டத்தில் மேல் வயது வரம்பு இல்லை. கம்பெனிக்காரர்கள் சின்னப் பையன்களைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்பது நடைமுறை. கோவையில் அடுக்குமாடி கட்டும் பெரிய நிறுவனங்களில் நேரில் போய் மனிதவளப் பிரிவில் கேளுங்கள்.

மேஸ்திரியிடம் பேசுவது

நம் பக்கத்தில் பெரும்பாலானோர் பழகுவது எந்த ஒப்பந்தமும் இல்லாமல் மேஸ்திரியிடம்தான். அதனால் மேஸ்திரியைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கால் பங்கு வேலை. ஒருவரிடம் சேரும் முன் அவருடைய சைட்டுக்குப் போய் அரை நாள் சும்மா நின்று பாருங்கள். அவரிடம் கையாளாகச் சேர்ந்து கொத்தனாரானவர் யாராவது இருக்கிறாரா? இருந்தால் அங்கே சேருங்கள். எல்லாக் கையாளும் வருஷக்கணக்காகக் கையாளாகவே இருந்தால், கூலி ஐம்பது ரூபாய் கூட என்றாலும் வேண்டாம்.

சேருகிற அன்று கூலியை மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள்.

“கூலி நீங்க சொல்றதே இருக்கட்டுங்ணா. பூச்சு வேலையில எப்பக் கை வெக்க விடுவீங்க?”

“மொதல்ல சாந்துப் பதம் புடிபடட்டும் சாமி, அப்பறம் பாக்கலாம்.”

“சரிங்ணா. சாயங்காலம் வேலை முடிஞ்சதும் மிச்சச் சாந்துல மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவத்துல அரைமணி நேரம் பழகிக்கறனுங்க. நல்லால்லீன்னா நானே சொரண்டி எடுத்துர்றனுங்க.”

இதை மறுக்கும் மேஸ்திரி அபூர்வம். அவருக்கு நஷ்டமில்லை, உங்களுக்குத் தினமும் அரைமணி நேரம் கரண்டி கையில் இருக்கும். “பாக்கலாம்” என்ற பதிலோடு மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டால் அது வருஷக்கணக்கில் “பாக்கலாம்” ஆகவே இருக்கும்.

மேஸ்திரி உங்களைவிட வயதில் சின்னவராக இருக்கலாம். “தம்பி” என்று கூப்பிட்டால் சிலருக்குச் சுருக்கென்று இருக்கும், “மேஸ்திரி” என்றே கூப்பிடுங்கள். பழைய வேலையில் நீங்கள் பெரிய ஆளாக இருந்திருந்தாலும் இங்கே முதல் வருஷம் சட்டி தூக்குகிறவர்தான்.

முன்பணம் வாங்காதீர்கள். பத்தாயிரம், இருபதாயிரம் என்று வாங்கிவிட்டால், அந்த மேஸ்திரி கரண்டி கொடுக்காவிட்டாலும் அங்கிருந்து நகர முடியாது.

இன்னொன்று, வெளிப்படையாகவே சொல்கிறேன். கிராமத்துப் பக்கம் சில வீடுகளில் “எந்த ஊரு, யாரு வூட்டுப் பையன்?” என்று கேட்பது ஊரைத் தெரிந்துகொள்ள மட்டும் இல்லை. தண்ணீர் தரும் தம்ளரிலேயே சேதி தெரிந்துவிடும். வீட்டுக்குள் போய்ச் செய்யும் வேலைகளான எலக்ட்ரிக்கல், பிளம்பிங், பெயிண்டிங்கில் இது அதிகம் உறைக்கும். டவுன் பக்கம், அடுக்குமாடி சைட்டுகளில் ஓரளவு குறைவு. எந்த மேஸ்திரி தன் ஆட்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துச் சாப்பிடச் செய்கிறாரோ, அவரிடம் பழகுங்கள். வீட்டுக்காரர் முகம் சுளித்தாலும் அவர் உங்களுக்காக ஒரு வார்த்தை பேசுவார்.

உயிர் சம்பந்தப்பட்டது

ஹெல்மெட், ஷூ, உயரத்தில் கயிறு: இவை எல்லோரும் சொல்வது, செய்யுங்கள். சவுக்குக் கம்புச் சாரம் என்றால் ஏறும் முன் கம்புகளைக் கட்டிய முடிச்சுகளை அசைத்துப் பாருங்கள். டைல்ஸ், கிரானைட் வெட்டும்போது தண்ணீர் விட்டு வெட்டுங்கள், அந்தத் தூசு நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்ப வராது. சிமெண்ட் கையை அரிக்கும். கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தற்காலிக மின் இணைப்பில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத சைட்டில் ஈரக்கையோடு கான்கிரீட் வைப்ரேட்டரைத் தொடாதீர்கள்.

யாரும் சொல்லாத ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். புதிதாகக் கட்டிய செப்டிக் டேங்க், நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. மேலே கான்கிரீட் போட்டு, வாய் மூடிச் சில வாரம் கிடந்த பிறகு, உள்ளே இருக்கும் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க ஒரு ஆள் இறங்க வேண்டும். பெரும்பாலும் புது ஆளைத்தான் இறக்குவார்கள். “புதுத் தொட்டிதானே, கழிவா இருக்கு?” என்பார்கள். நாற்றமும் இருக்காது. ஆனால் ஈரப் பலகையும் முட்டுக்கம்பும் உள்ளேயே ஊறி மட்கும்போது அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. இறங்கியவர் இரண்டு மூச்சில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் அடுத்தவரும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று இறந்த சேதிகள் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

முந்தின நாளே எல்லாத் திறப்புகளையும் திறந்து போடச் சொல்லுங்கள். இறங்கும் முன்பும், வேலை முடியும் வரையும் பிளோயர் வைத்துக் காற்று அடிக்க வேண்டும். இடுப்பில் கயிறு, மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் வெளியிலிருந்து கயிற்றால் இழுக்க வேண்டுமே தவிர, யாரும் இறங்கக் கூடாது; 101-க்கும் 108-க்கும் போன் செய்யுங்கள். இந்த ஏற்பாடு இல்லாமல் இறங்கச் சொன்னால் அன்றைய கூலியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். இதில் மட்டும் மேஸ்திரி சொல்லுக்கு மரியாதை வேண்டியதில்லை.

எப்போது சேருவது, எப்படிச் சமாளிப்பது

ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் புது வீட்டுக்குப் பூமி பூஜை போடமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. கம்பெனியில் இருப்பவர்கள் தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு, அந்த இரண்டு மாதத்தில் காகிதம், டேப், குட்டிச்சுவர் வேலைகளை முடித்து, தையில் சேருங்கள். தை முதல் வைகாசி வரை வேலை தொடர்ச்சியாக இருக்கும், பழகவும் நேரம் கிடைக்கும். போனஸில் ஒரு பகுதியைத் தொடாமல் வையுங்கள். வாரத் தவணை வசூலுக்கு வருகிறவர் மழை பெய்ததா என்று கேட்கமாட்டார்.

குடியை விட்டவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம்தான் சோதனை. சம்பளத்தைப் பேங்க் கணக்கில் போடச் சொல்லுங்கள், அல்லது வீட்டுக்காரம்மா கையில் நேராகக் கொடுக்கச் சொல்லுங்கள். அதைக் கேட்டுச் சிரிக்கிற மேஸ்திரி எனக்குத் தெரிந்து குறைவு. அவர்களுக்கும் திங்கட்கிழமை ஆள் வர வேண்டுமே.

பெண்களுக்கு

சித்தாளாக இருபது வருஷம் இருந்த அக்காவுக்கு, அந்தச் சைட்டில் பாதிக் கொத்தனார்களைவிடச் சாந்துப் பதம் நன்றாகத் தெரியும். ஆனாலும் கரண்டி கொடுக்கமாட்டார்கள், கூலியும் கையாளைவிடக் குறைவாகத்தான் வரும். இதை மேஸ்திரியின் நல்ல மனசை நம்பி மாற்ற முடியாது என்பது என் எண்ணம். தனியாகப் போவதைவிட, மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு வேலையைப் பழகுங்கள். டைல்ஸ் இடைவெளி அடைப்பது, உள்பெயிண்டிங், பட்டி பார்ப்பது (பெயிண்டுக்கு முன் சுவரைப் புட்டி பூசிச் சமன் செய்வது) எல்லாம் குறைந்த முதலில் குழுவாக எடுத்துச் செய்யக்கூடியவை. சுயஉதவிக் குழுவில் ஏற்கெனவே கணக்கு எழுதுகிறவர்கள் நீங்கள், கொட்டேஷன் எழுதுவது பெரிய காரியமில்லை. சைட்டில் சேரும் முன் கழிப்பறை இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். வாரியத்தில் உங்கள் பேரில் தனியாகப் பதியுங்கள், வீட்டுக்காரர் பதிவு உங்களுக்குச் செல்லாது.

ஒரு வருஷம் ஆனதும்

நோட்டைத் திறந்து பாருங்கள். கடைசி மூன்று மாதத்தில் கரண்டியோ, பைப் ரெஞ்சோ, டெஸ்டரோ கையில் பிடித்த நாள் எத்தனை? வாரத்துக்கு இரண்டு நாள்கூட இல்லை என்றால் மேஸ்திரியிடம் நேராகப் பேசுங்கள், அப்பவும் “பாக்கலாம்” என்றால் பாக்கிக் கூலியை வாங்கிக்கொண்டு வேறு மேஸ்திரியிடம் போய்விடுங்கள். சண்டை வேண்டாம், இந்தத் தொழிலில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள்.

கை பழகிவிட்டது என்றால், முன் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தருகிற அரசுத் திட்டங்களில் ஒன்றில் பேர் கொடுங்கள். சில நாளில் முடிந்துவிடும், கம்பெனி சைட்டுகளில் கேட்டில் காட்ட உதவும். ஒயரிங் வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் தூரம் பார்க்க வேண்டும்: ஐந்து வருஷச் செய்முறை அனுபவமும் 21 வயதும் இருந்தால் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம். விண்ணப்பம் ஐடிஐயிலேயே கிடைக்கும். அனுபவச் சான்றை ஒப்பந்தக்காரர் கொடுக்க வேண்டியிருப்பதால், ஐந்தாவது வருஷக் கடைசியில் போய் நிற்காமல், ஒவ்வொரு ஒப்பந்தக்காரரை விட்டு விலகும்போதும் அவருடைய லெட்டர்பேடில் வேலை செய்த காலத்தை எழுதி, சீல் போட்டு, கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.